கடைசியாக வருபவருக்கே முதல் உரிமை

பின்லாந்தின் வடகோடிக் காட்டில் உள்ள திறந்த குடில்களுக்குப் பூட்டு கிடையாது, கட்டணம் கிடையாது, காவலாளும் கிடையாது. பனிக்காலத்தின் கடைசி வாரங்களில் ஸ்கீ கட்டிக்கொண்டு அந்தக் காட்டைக் கடப்பவர்கள் நம்பியிருப்பது அந்தக் கதவைத்தான். அது எதனால் திறந்திருக்கிறது? இன்னும் எத்தனை காலம் திறந்திருக்கும்?

மார்ச் மாதக் கடைசி. வெளியே மைனஸ் 18 டிகிரி. லுய்ரோ ஏரிக்கரையில் முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடில். உள்ளே இரும்பு அடுப்பில் பிர்ச் விறகு படபடத்து எரிகிறது. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் காலுறைகளும் கையுறைகளும் ஆவி பறக்கக் காய்கின்றன. சுவரோரம் நீளும் பலகை மேடையில் ஆறு பேர் தூக்கப்பைக்குள் புகுந்தாயிற்று. ஒன்பதரை மணிக்கு வாசலில் யாரோ ஸ்கீயைக் கழற்றிப் பனியைத் தட்டும் சத்தம். கதவைத் திறந்து உள்ளே வரும் இருவரின் புருவத்திலும் கழுத்துத் துணியிலும் மூச்சுக்காற்று வெள்ளையாக உறைந்திருக்கிறது. யார் நீங்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. மத்தியானமே வந்து, சாப்பிட்டு, துணி காயவைத்துக்கொண்ட இருவர் எழுந்து தூக்கப்பையைச் சுருட்டுகிறார்கள். ஒருவர் கூடாரப் பையைத் தேடி எடுக்கிறார். இடம் போதாவிட்டால் வெளியே போக வேண்டியவர்கள் அவர்கள்தான். ஏனென்றால் முதலில் வந்தவர்கள் அவர்கள்.

பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தின் திறந்த குடில்களில் மார்ச், ஏப்ரல் இரவுகள் இப்படித்தான் போகின்றன. பேருந்தில் துண்டு போட்டவருக்கு இருக்கை என்று பழகியவர்களுக்கு இந்த வழக்கம் தலைகீழாகத் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. கடைசியாக வருபவர்தான் அதிகம் களைத்தவர், அதிகம் நனைந்தவர், மறுபடி இருட்டில் இறங்கினால் உயிர் பிழைக்க வாய்ப்புக் குறைந்தவர். முதலில் வந்தவருக்கு உடம்பில் சூடு ஏறிவிட்டது. கூடாரம் போடத் தெம்பு இருக்கிறது. ஆகவே உரிமை தேவையின் பக்கம் போகிறது.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20ஐ ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகிறது. 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை பின்லாந்துக்கே முதலிடம். பள்ளிக்கூடம் காரணமா, வரி காரணமா, மக்களின் நல்ல குணம் காரணமா என்று பேச்சு கிளம்புவதும் அதே வாரத்தில்தான். அந்த வாரங்களில் இந்தக் காட்டில் ஸ்கீ பயணம் சூடுபிடித்திருக்கும் என்பதால், நாட்டின் குணத்துக்கு இந்தக் குடிலையே சாட்சியாகக் காட்டிவிடத் தோன்றும். அது அவசர முடிவு. நல்ல மனம் மட்டும் ஒரு கதவை நூறு ஆண்டு திறந்து வைத்திருக்காது. சட்டமும் பொதுப்பணமும் பழைய வழக்கமும் முதிர்ந்த காடும் சேர்ந்துதான் இதைத் தாங்குகின்றன. இவற்றில் எதை உருவினாலும் மற்றவை சரியும். இன்று நாலாபுறமும் உருவல் நடந்துகொண்டிருக்கிறது என்பதே கவலை.

ஓர் அதிபரின் பெயர் தாங்கிய காடு

உர்ஹோ கெக்கோனென் 1956 முதல் 1982 வரை பின்லாந்தின் அதிபராக இருந்தவர். இளம் வயதில் உயரம் தாண்டுதலில் தேசிய சாம்பியன். பதவியில் இருந்த காலத்திலும் லாப்லாந்துக் காடுகளில் நீண்ட ஸ்கீ பயணம் போவதை அவர் விடவில்லை. நாட்டின் வடகிழக்கில், ரஷ்ய எல்லையை ஒட்டி 1983ல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மேற்கு ஓரத்தில் சாரிசெல்கா என்ற சுற்றுலாத் தலமும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே போகப் போகச் சாலை இல்லை, கடை இல்லை, பள்ளத்தாக்குகளில் செல்பேசிச் சமிக்ஞையும் இல்லை. பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்களும், மொட்டைத் தலையோடு உருண்டு எழும் குன்றுகளும், அவற்றுக்கிடையே உறைந்த ஆறுகளும்தான்.

இங்கே நுழையச் சீட்டு வாங்க வேண்டாம். பின்லாந்தின் எந்தத் தேசியப் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பூங்காவுக்கு வெளியேகூட, அடுத்தவர் நிலத்தில் நடக்கலாம், ஸ்கீ போகலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம் என்ற ‘எல்லோருக்குமான உரிமை’ அங்கே வேரூன்றியது. அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. நில உரிமையாளர் அனுமதியின்றித் தீ மூட்டக் கூடாது. பனி ஸ்கூட்டர் போன்ற மோட்டார் வாகனத்தையும் அந்த அனுமதியின்றிக் காட்டுக்குள் ஓட்டக் கூடாது. தானே நடந்து வருபவருக்கு மட்டும் காடு திறந்திருக்கிறது.

> பெட்டிச் செய்தி: காட்டின் அளவு
> உர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். மிக உயரமான குன்று சொக்கோஸ்தி, 718 மீட்டர். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு என்று பின்லாந்துக் குழந்தைகள் நம்பும் கொர்வதுன்துரி குன்றும் இதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது ரஷ்ய எல்லைப் பட்டையில் இருப்பதால் எல்லைக் காவல் படையின் அனுமதியின்றி அருகே போக முடியாது. பின்லாந்தில் பதிவான மிகக் கடுமையான குளிர் மைனஸ் 51.5 டிகிரி, 1999 ஜனவரி 28 அன்று, லாப்லாந்தின் பொக்கா கிராமத்தில்.

பொருக்கு தாங்கும் வாரங்கள்

டிசம்பரில் இங்கே சில வாரங்கள் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. ஜனவரியில் கடுங்குளிர், பனி மாவாக உதிர்ந்து கிடக்கும், கால் வைத்த இடத்தில் முழங்கால் வரை புதையும். பயணத்துக்கு உகந்த காலம் மார்ச் நடுவில்தான் தொடங்குகிறது. பகலும் இரவும் அப்போது சமமாகும். ஏப்ரல் கடைசியில் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு லேசாக இளகும். இரவில் மறுபடி இறுகும். இப்படி இளகி இறுகிப் பனியின் மேல் கெட்டியான பொருக்கு படிகிறது. விடிகாலையில் அந்தப் பொருக்கு ஆளையும் அவர் இழுக்கும் சுமையையும் தாங்கும். பாதை பார்க்க வேண்டாம்; சதுப்பு, புதர், ஓடை எல்லாவற்றுக்கும் மேலே நேர்கோட்டில் போகலாம். மத்தியானம் ஆனதும் பொருக்கு நொறுங்கத் தொடங்கும். காலையில் ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு அப்போது மூன்று மணி நேரம் பிடித்தாலும் வியப்பில்லை. அனுபவமுள்ளவர்கள் விடியுமுன் கிளம்பி, பனி இளகும் நேரத்தில் அடுத்த குடிலை எட்டப் பார்ப்பது இதனால்தான்.

கருவிகளும் இந்தப் பனிக்கென்றே உருவானவை. காட்டு ஸ்கீ ஆளை விட நீளம். 240 சென்டிமீட்டர் முதல் 280 வரை போகும். நீளம் கூடக் கூடப் பாரம் பரவி, புதைவது குறையும். மேடு ஏறும்போது அடிப்பக்கம் ரோமப் பட்டையை ஒட்டுகிறார்கள். ரோமம் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். உணவும் துணியும் அஹ்கியோ என்ற சறுக்குத் தொட்டியில் கிடக்க, அதன் இரு கழிகளை இடுப்பு வாரில் மாட்டி இழுத்துப் போகிறார்கள். வடக்கு ஸ்வீடனின் ஒரு சதுப்பில் கிடைத்த கால்வ்த்ரேஸ்க் ஸ்கீயின் வயது சுமார் 5,200 ஆண்டுகள். பொழுதுபோக்காக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பலகை இங்கே வேட்டைக்கும் மேய்ச்சலுக்குமான கால்.

ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உறைந்த ஏரியின் மேல் பனி குவிந்து அழுத்தும்போது, பனிக்கட்டி விரிசல் வழியே தண்ணீர் மேலே ஏறிப் பனிக்கு அடியில் தேங்கும். மேலே பார்த்தால் வெறும் வெள்ளை. ஸ்கீ அதற்குள் இறங்கினால் ஆள் மூழ்க மாட்டார், ஆனால் பலகை நனையும். வெளியே எடுத்த நொடியில் ஈரத்தில் பனி ஒட்டி உறைந்து, ஸ்கீயின் அடியில் விரல் கனத்துக்குக் கட்டி ஏறிவிடும். கத்தியால் சுரண்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் காலணி விறைக்கும், வியர்த்த உடம்பு குளிரும். அரை மணி நேரத் தாமதம் இப்படித்தான் மூன்று மணி நேரமாகிறது. ஒன்பதரை மணிக்குக் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் இப்படி எங்கோ மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். கதவு பூட்டப்படாததன் முதல் காரணம் இது. இதை விருந்தினர் விடுதியாகப் பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத உண்மை: அடிப்படையில் இது உயிர்காப்புச் சாதனம்.

விறகுக் கொட்டகையின் அரசியல்

வேட்டைக்காரர்கள், மீனவர்கள், மேய்ப்பர்கள், கடிதம் சுமந்தவர்கள் தங்கிய பழைய குடில்களிலிருந்து வளர்ந்தது இந்த வழக்கம். இன்று பெரும்பாலானவற்றைப் பராமரிப்பது மெத்ஸாஹல்லிதுஸ் என்ற அரசு வனத்துறை நிறுவனம். பனிக்காலத்தில் ஸ்கூட்டரில் விறகு ஏற்றி வந்து கொட்டகையில் அடுக்குவதும், கூரையைச் சரிபார்ப்பதும், கழிப்பிடத்தைப் பராமரிப்பதும் அதன் பணி. மிச்சம் பயணிகளின் பொறுப்பு. வெட்டுக் கோடரியும் ரம்பமும் அங்கேயே இருக்கும். கிளம்புமுன் அடுத்தவருக்காக விறகு பிளந்து, சுள்ளி சீவி அடுப்பருகே வைத்துவிட்டுப் போக வேண்டும். விரல் விறைத்து வருபவரால் கத்தி பிடிக்க முடியாது. குப்பையைத் திரும்பச் சுமந்து போக வேண்டும். ஓரிரு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. பெரிய குழுக்கள் கூடாரத்தில் தங்க வேண்டும். குடிலில் உள்ள நோட்டில் பெயரும் தேதியும் அடுத்துப் போகும் திசையும் எழுத வேண்டும். யாராவது காணாமல் போனால் மீட்புக் குழு முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

வனாந்தரத்தில் கட்டடமே இருக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. 1964ல் அமெரிக்கா இயற்றிய வனாந்தரச் சட்டத்தின் மனப்பாங்கு அது: மனிதன் அங்கே வந்து போகும் விருந்தாளி, தங்கும் கட்டடம் எழுப்பக் கூடாது. அந்தச் சட்டம் காப்பாற்றிய நிலப்பரப்பு கொஞ்சமல்ல; அதை மதிக்கிறேன். ஆனால் லாப்லாந்துக்கு அது பொருந்தாது. இங்கே காடு ஒருகாலத்திலும் ஆளில்லாமல் இருந்ததில்லை. காட்டு மானைப் பிடிக்க வெட்டிய பழங்காலக் குழிகள் இன்னும் பனிக்கடியில் கிடக்கின்றன. சாமி எனப்படும் பழங்குடி மக்களின் மேய்ச்சல் நிலம் இது. 1991ல் பின்லாந்து இயற்றிய வனாந்தரச் சட்டம் லாப்லாந்தில் 12 பகுதிகளை வனாந்தரமாக அறிவித்தபோது, காட்டின் இயல்பைக் காப்பதோடு சாமி பண்பாட்டையும் இயற்கை சார்ந்த தொழில்களையும் காப்பதை அதன் நோக்கங்களாகவே எழுதிவைத்தது. ஆளை வெளியேற்றி வனத்தைத் தூய்மையாக்கும் எண்ணம் அதில் இல்லை.

இன்னொரு பதில் மரத்திலேயே நிற்கிறது. பட்டுப்போன பைன் மரம் இங்கே எளிதில் விழுவதில்லை. பட்டை உதிர்ந்து, வெள்ளி நிறமாகி, முறுக்கிய நரம்புபோல் வரியோடி, பல தலைமுறைக் காலம் நின்றபடியே காயும். பூச்சிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் பொந்தில் வாழும் பறவைகளுக்கும் அதுதான் வீடு. அந்தக் கட்டையைப்போல் எளிதில் பற்றும் விறகும் வேறில்லை. குடிலும் கொட்டகையும் இல்லாதிருந்தால், குளிரில் நடுங்கும் ஒவ்வொரு பயணியின் கண்ணும் அந்த மரத்தின்மேல்தான் போயிருக்கும். பத்துப் பேர் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்வதால் பத்து இடத்தில் தீ மூளாமல் காடு தப்பிக்கிறது.

சீட்டுப் போட்டால் என்ன?

அடுத்த கேள்வி பணம் பற்றியது, அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 2019ல் பின்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்கு வந்தவர்கள் சுமார் 32 லட்சம். கொரோனா ஆண்டான 2020ல் அது 40 லட்சத்தை நெருங்கியது. விறகுச் செலவு கூடுகிறது, பழைய குடில்களின் பராமரிப்பு பாக்கி நிற்கிறது. ஸ்கீயே கட்டாத ஹெல்சின்கி தொழிலாளியின் வரிப்பணத்தில், விலையுயர்ந்த கருவிகளோடு வருபவர் ஏன் இலவசமாகத் தூங்க வேண்டும்? பூங்காக்களில் போடும் ஒவ்வொரு யூரோவும் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்குப் பத்து மடங்காகத் திரும்புகிறது என்று வனத்துறை கணக்குக் காட்டுகிறது. அது செலவு செய்யும் துறையே போட்ட கணக்கு என்பதால், அதன்மேல் என் வாதத்தைக் கட்ட மாட்டேன்.

என் பதில் வேறு. முன்பதிவு செய்து, பணம் கட்டி, சாவி வாங்கித் தங்கும் குடில்களும் இதே காட்டில் இருக்கின்றன. பல இடங்களில் ஒரே கூரைக்கு இரு பக்கமாக, ஒரு கதவு பூட்டியும் ஒரு கதவு திறந்தும் இருக்கும். உறுதியான படுக்கை வேண்டுபவர் அதற்குக் காசு கொடுக்கட்டும், அது நியாயம். ஆனால் திறந்த குடிலையும் சீட்டுக்குள் கொண்டுவந்தால் கைமாறுவது ஐந்து யூரோவோ பத்து யூரோவோ மட்டுமல்ல. பணம் கட்டியவருக்கு இடம் சொந்தமாகிவிடும். ‘என் படுக்கைக்கு ரசீது இருக்கிறது’ என்று சொல்லும் உரிமை அவருக்கு வந்துவிடும். ரசீது உள்ளவரை எழுப்பிக் கூடாரத்துக்கு அனுப்ப எந்த வழக்கத்தாலும் முடியாது. கடைசியாக வருபவரின் உரிமை அன்றோடு தீர்ந்தது. புயலில் வழி தவறி, திட்டமிட்ட குடிலை எட்ட முடியாமல் வேறொரு குடிலுக்கு வந்து சேர்பவரிடம் எந்த ரசீதும் இருக்காது. கட்டணம் யாரை வெளியே நிறுத்துமோ, அவருக்காகத்தான் அந்தக் குடிலே கட்டப்பட்டது.

மக்கள்தொகை குறைந்த நாட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்பது இன்னொரு வாதம். பாதி உண்மை. நாடு முழுக்கவே 56 லட்சம் பேர்தான். ஆனால் சாரிசெல்கா ஓரத்தில் விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே பகல்நேரக் குடில்கள், குறியிட்ட பாதைகள், இன்ன இடத்தில் மட்டும் கூடாரம் என்ற விதிகள் உண்டு. உள்ளே போகப் போக விதிகள் தளர்கின்றன, கூட்டமும் கரைகிறது. மோட்டார் வாகனத்துக்கு இடமில்லாததால் ஒவ்வொரு கிலோமீட்டரும் சொந்தக் காலால் கடக்க வேண்டியது. தூரமே இங்கே வேலி. ஆகவே இதன் வெற்றிக்கு மக்கள்தொகையை விட வடிவமைப்பே பெரிய காரணம். உள்ளே ஒரு சாலையோ பனி ஸ்கூட்டர் சுற்றுலாத் தடமோ போட்டால், அதே 56 லட்சம் பேரை வைத்துக்கொண்டு ஒரு பருவத்தில் இந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடலாம்.

துருவ மானின் பஞ்ச காலம்

ஸ்கீ பயணிகளை நோக்கி வைக்கப்படும் வலுவான குற்றச்சாட்டு மேய்ப்பர்களிடமிருந்து வருகிறது. ரெயின்டீர் எனும் துருவ மான் பனிக்காலம் முழுவதும் பனியைக் காலால் தோண்டி, அடியில் உள்ள லைக்கன் பாசியைத் தின்று உயிர்வாழ்கிறது. நம் சமையலில் மசாலாவுக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். மார்ச், ஏப்ரலில் மானின் கொழுப்பு கரைந்து உடம்பு மெலிந்திருக்கும். பெண் மான்கள் சினையாக இருக்கும். மே மாதம் குட்டி போடும். அந்த நேரத்தில் ஸ்கீயும் நாயும் வந்து மந்தையை மிரட்டி ஓட வைத்தால், ஓடும் ஒவ்வோர் அடியும் குட்டியின் பங்கிலிருந்து கழிகிறது. பயணியைச் சுமக்கும் அதே பொருக்குதான் மானின் உணவைப் பூட்டியும் வைக்கிறது. ஆளுக்கு நல்ல பனி, மானுக்குப் பஞ்சம். இதை மறைத்து இந்தக் காட்டைப் பற்றி எழுதுவது நேர்மையல்ல.

ஆகவே நாயைக் கயிற்றில் பிடிப்பதும், மந்தையைக் கண்டால் நின்று வழிவிடுவதும், வசந்தத்தில் தடத்தை விட்டு விலகாமல் இருப்பதும் விருப்பத்துக்கு விடப்படக் கூடாதவை. குடில்களை இணைக்கும் தடங்களிலேயே பெரும்பாலோர் போவதால் மீதிக் காட்டில் மான்களுக்கு அமைதி மிஞ்சுகிறது; குடில் முறைக்கு ஆதரவாக மேய்ப்பர் தரப்பிலிருந்தே சொல்லக்கூடிய காரணம் இது.

ஆனால் மானின் பஞ்சத்துக்கு ஸ்கீயை விடப் பெரிய காரணங்கள் இரண்டு. முதலாவது வெப்பம். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2022ல் காட்டினார்கள். நடுப்பனிக்காலத்தில் மழை பெய்து உறைந்தால், வெயில் செய்யும் மெல்லிய பொருக்கு போலன்றி, தரையோடு ஒட்டிய பனிக்கட்டிப் பலகையே உருவாகிவிடும். அதை எந்தக் குளம்பாலும் உடைக்க முடியாது. ஸ்கீ பயணிக்கும் இதில் இழப்புண்டு. இந்தக் காட்டின் பனிக்காலத் தடங்கள் உறைந்த ஏரிகளையும் ஆறுகளையும் நம்பி வரையப்பட்டவை. ஆறு முன்கூட்டியே திறந்துகொண்டால், இருபுறமும் குடில் இருந்தும் இடையே வழி இருக்காது.

இரண்டாவது காரணம் மரவெட்டு. தரைப் பாசி பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்ட நாட்களில் மானுக்கு ஒரே கதி, மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் கறுப்பு லைக்கன். நூறு, இருநூறு ஆண்டு முதிர்ந்த மரங்களில்தான் அது வேண்டிய அளவுக்கு வளரும். வெட்டி நட்ட இளங்காட்டில் அதைத் தேட வேண்டியதுதான். வெப்பம் கூடும்போது முதிர்ந்த காட்டின் தேவையும் கூடவே கூடுகிறது.

> பெட்டிச் செய்தி: மேய்ச்சலின் கணக்கு
> பின்லாந்தின் மேய்ச்சல் பகுதி 54 கூட்டுறவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பனிக்காலத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய மான்களின் உச்ச வரம்பை அரசு நிர்ணயிக்கிறது. அது சுமார் இரண்டு லட்சம், துல்லியமாக 2,03,700. பின்லாந்தில் மான் வளர்ப்பது சாமி மக்களுக்கு மட்டுமே உரிய தொழிலல்ல. மற்ற பின்லாந்துக்காரர்களும் வளர்க்கிறார்கள். ஆனால் வடகோடியில் சாமி மொழியும் குடும்ப அமைப்பும் இந்தத் தொழிலோடு பின்னிக்கிடக்கின்றன.

ஒரே நிறுவனம், இரண்டு கை

குடிலுக்கு விறகு கொண்டுவரும் மெத்ஸாஹல்லிதுஸ்தான் அரசுக் காடுகளில் மரம் வெட்டி விற்கும் நிறுவனமும். ஒரு பிரிவு காக்கிறது, இன்னொரு பிரிவு அரசுக்கு லாபம் ஈட்டித் தர வேண்டியிருக்கிறது. பூங்காவுக்குள் வெட்டுவதில்லை. ஆனால் மானுக்கும் பூச்சிக்கும் பூங்காவின் எல்லைக்கோடு தெரியாது. வடக்கே இனாரி வட்டாரத்தின் நெல்லிம் காடுகளில் 2000களில் இந்த முரண் வெடித்தது. தங்கள் பனிக்கால மேய்ச்சல் காட்டை வெட்டுவதை எதிர்த்துச் சாமி மேய்ப்பர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2005ல் அந்தக் குழு வெட்டை நிறுத்திவைக்கும்படி பின்லாந்தைக் கேட்டுக்கொண்டது. பல ஆண்டு இழுபறிக்குப் பின், 2009லும் 2010லும் ஏற்பட்ட உடன்பாடுகளில், இனாரியின் முக்கிய மேய்ச்சல் காடுகளில் பெரும்பகுதி வெட்டிலிருந்து விலக்கப்பட்டது. அதில் கணிசமான பகுதிக்குத் தவணை 20 ஆண்டு.

மரத்தொழில் தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். வடக்கில் வேலை குறைவு. மரம் ஏற்றும் லாரியும் அறுவை ஆலையும் பல குடும்பங்களின் சோறு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த அட்சரேகையில் வெட்டிய பைன் மறுபடி வெட்டும் பருவத்துக்கு வர ஒரு மனித ஆயுளுக்கு மேல் ஆகும். தாடி லைக்கன் தொங்கும் வயதுக்கு வர இன்னும் அதிகம். ஒருமுறை கிடைக்கும் கூலிக்காக ஆண்டுதோறும் கிடைக்கும் மேய்ச்சலையும் சுற்றுலா வருமானத்தையும் விட்டுக்கொடுப்பது அந்தக் குடும்பங்களுக்கே நட்டம்.

20 ஆண்டுத் தவணை 2030ஐ ஒட்டி முடிகிறது. அதற்கு முன் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். இம்முறை தவணை போடாமல், முதிர்ந்த மேய்ச்சல் காடுகளை நிரந்தரமாகவே விலக்க வேண்டும். குடில்களின் விறகுக்கும் கூரைக்கும் ஆகும் செலவை, மரம் விற்ற லாபத்தோடு சேர்த்துப் பார்க்காமல், சாலைக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்குவதுபோல் நேரடியாக ஒதுக்க வேண்டும். இதில் ஸ்கீ பயணிகளுக்கும் வேலை இருக்கிறது. 1938ல் தொடங்கிய சுவோமென் லாது போன்ற திறந்தவெளி விளையாட்டு அமைப்புகளின் குரலுக்கு அங்கே மதிப்புண்டு. இலவசக் கூரையைப் பல தலைமுறையாக அனுபவித்தவர்கள், தடமும் கட்டணமும் தவிர வேறெதையும் பேசாமல் இருந்துவிடக் கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் அவர்கள் மேய்ப்பர்களின் பக்கம் உட்கார வேண்டும். அதை 2030 வரை காத்திருக்காமல் இப்போதே அறிவிக்கவும் வேண்டும்.